வாசலுக்கு வெளியே ஒரு பந்தி

கொரோனா விஷயத்தில் என் கணவருக்கும் தம்பிக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இருவருக்குமே முதல் அலையில் வந்தது. கணவர் கடலூர் வீட்டு மாடியில் சில நாள் படுத்துக் கிடந்துவிட்டு, பழையபடி பண்ருட்டிக்கு முந்திரி லோடு பார்க்கப் போய்விட்டார். தம்பி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தான். பக்கத்துக் கட்டில்காரர் வீடு திரும்பவில்லை. அதனால் ஒருவருக்கு அது சளிக்காய்ச்சல், இன்னொருவனுக்கு எமன். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன்.

போன வருடம் சிதம்பரத்தில் தம்பியின் புதுமனை புகுவிழா. அன்று காலை கணவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ஐஸ் தண்ணி குடிச்சது. மச்சான் வூட்டு விசேஷத்துக்குப் போவாம இருக்க முடியுமா?" என்று கிளம்பிவிட்டார். காரை நான்தான் ஓட்டினேன்.

இவர் இருமியதைக் கேட்டதும் தம்பி வாசலுக்கு வந்தான். பட்டு வேட்டி, முகத்தில் மாஸ்க், கையில் டெஸ்ட் கிட்.

"கோச்சிக்காதீங்க மாமா. உள்ள வயசானவங்க இருக்காங்க."

எனக்கு ஒரு கோடு விழுந்தது. அவருக்கு இரண்டு.

சண்டை வரும் என்று நினைத்தேன். கணவர் அந்த இரண்டு கோட்டையும் பார்த்தார். "என்னைக் கேட்டா இது சளிதான். ஆனா ஒன் மாமனாருக்கு இப்பதான் நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று எதிரிலிருந்த வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டார். நானும் உள்ளே போகவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பால் பொங்குவதைப் பார்த்தேன்.

முதல் பந்திக்கு இலை போட்டதும் தம்பி எங்களுக்கு இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கொண்டுவந்தான். தனக்கும் ஒரு தட்டோடு தள்ளி உட்கார்ந்தான்.

"வூட்டுக்காரன் பந்தியில இல்லன்னா எப்படி?" என்றார் கணவர்.

"இதுவும் பந்திதான மாமா."

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கணவர் சொன்னார்: "கொத்சுல புளி ஜாஸ்தி."

"ருசி தெரியுதே, அது போதும். எனக்கு அப்ப மாசக்கணக்கா ஒண்ணுமே தெரியல. சோறும் மண்ணும் ஒண்ணாதான் இருந்துச்சு."

இத்தனை வருட விவாதத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. கணவர் இட்லியைக் கொத்சில் தோய்த்து இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு, "நல்லாதான் இருக்கு. இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்லு" என்றார்.

ஒரு வாரத்தில் அவருக்குச் சரியாகிவிட்டது. "பாத்தியா மச்சான், சளிதான்" என்று தம்பிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கமிருந்து பதில் நீளமாக வந்தது. இவர் சாய்ந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.