விளிம்பு வரை உருகும் வரை

குன்னூரில் நான் வேலை பார்க்கும் பழைய பங்களா இப்போது விருந்தினர் விடுதி. சாப்பாட்டு அறையில் தொடை தடிமனுக்கு மெழுகுவர்த்திகள் நிற்கும். சேர்ந்த புதிதில், விருந்தினர் எழுந்ததும் அணைத்துவிடுவேன். வீணாக எரிவானேன் என்ற வீட்டுப் பழக்கம். அப்படி மூன்றைக் கெடுத்தேன். முதல் தடவை ஏற்றும்போது மேல்மெழுகு விளிம்புவரை உருகவேண்டும். அதற்குள் அணைத்தால், அடுத்தடுத்து ஏற்றும்போது சுடர் நடுவில் குழி பறித்து இறங்கி, தன் மெழுகிலேயே மூழ்கிவிடும். இதைத் தெரிந்துகொண்டபின் ஒன்றும் கெடவில்லை. அதுவே வினையாயிற்று. வேறு யாரும் தொடக்கூடாது என்று ஓனரம்மா சொல்லிவிட்டார்.

தங்கை மகளுக்குக் காரமடையில் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான்; என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். பத்தரைக்கு முகூர்த்தம். ஒரு வாரம் முன்பே லீவு சொல்லியிருந்தேன். காலை ஏழு மணிக்கு வேட்டி கட்டி, தோடும் பட்டுப்பாவாடையும் பையில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகப் பங்களாவுக்கு வந்தேன். வெளியே மூடுபனி. உள்ளே சாப்பாட்டு மேஜையில் கல்யாண நாள் கொண்டாட வந்த ஒரு ஜோடி.

"ஏப்பா, மாப்பிள்ளை மாதிரி இருக்கியே! அந்தப் புதுசை மட்டும் பத்த வச்சுட்டுப் போயிடு," என்றார் ஓனரம்மா.

பத்த வைக்க ஒரு தீக்குச்சி போதும். அப்புறம் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சரிங்கம்மா."

திரியை நகத்தளவு விட்டு நறுக்கி ஏற்றினேன். ஜோடி ஜன்னலைத் திறந்தது. சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர்கள் எழுந்து போனபின்தான் மூடினேன். எட்டரைக்கும் மெழுகு பாதிதான் உருகியிருந்தது. அணைக்கும் கம்பியை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

தங்கை போன் செய்தாள். "ஏனுங்ணா, பர்லியார் தாண்டிட்டீங்களா?"

"வந்துட்டிருக்கேன் கண்ணு."

"பஸ் சத்தமே கேக்கலீங்களே?"

பத்தரை தாண்டி மறுபடி கூப்பிட்டாள். "ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காருங்ணா. எங்கிருக்கீங்க?"

"இங்க ஒரு மெழுகுவர்த்தி..."

"என்ன வர்த்தி?"

பதில் சொல்லுமுன் யாரோ அவளை அழைத்தார்கள். போனை அணைக்க மறந்துவிட்டாள். சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டது. யார் மடியிலோ.

அப்போது மெழுகு விளிம்பைச் சுற்றிலும் தொட்டிருந்தது. கம்பியால் திரியை உருகிய மெழுகில் அமுக்கி அணைத்து நிமிர்த்தினேன். புகைகூட வரவில்லை.

ஓனரம்மா எட்டிப்பார்த்தார். "நீ இன்னும் போகலையா?"

"இதோ கிளம்பிட்டேங்கம்மா," என்றேன்.