மதினி பேரில் எடுத்த கடன்

எவர்சில்வர் தட்டில் ஊதா நிறச் சேலை, ஒரு சீப்பு வாழைப்பழம், எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையில் நல்ல கொத்தாகப் பார்த்து எடுத்தவை, எல்லாவற்றுக்கும் மேலே கடன் தீர்ந்தது என்று வங்கியில் கொடுத்த கடிதம். இதை ஏந்திக்கொண்டு நானும் என் மனைவியும் மதினியின் முன்னால் போய் நின்றோம். ஏதோ கோட்டையைப் பிடித்தவன் போல நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மதினி தட்டை வாங்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. தேவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாரடைப்பில் அண்ணன் போனபோது அவர்களுக்குக் குழந்தை இல்லை; அதன் பிறகும் மதினி எங்கள் வீட்டில்தான் இருந்தார். அடுத்த ஆடிக் காற்றில் எங்கள் திராட்சைப் பந்தலும் சாய்ந்தது. கல்தூண்கள் முறிந்து, கம்பியும் கொடியும் பின்னிக்கொண்டு தரையில் கிடந்தன. புதுப் பந்தலுக்குக் கடன் கேட்டு நான் ஏறாத வங்கிப் படி இல்லை. போன இடமெல்லாம் சம்பளச் சீட்டு கேட்டார்கள். திராட்சைக்கு யார் சம்பளச் சீட்டு தருகிறார்கள்? கடைசியில் மதினிதான், "என் பேர்ல எடுங்க தம்பி. மாசச் சம்பளக்காரின்னா நம்பித் தருவாக" என்றார். ஐந்து வருடத் தவணையில் அவர் பேரில் தனிநபர் கடன் வந்தது. தவணை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும், நான் திராட்சை விற்றதும் அந்தப் பணத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். விலை விழுந்த மாதங்களில் நான் கண்ணில் படாமல் நழுவப் பார்ப்பேன். அவரோ என்னைத் தேடிப் பிடித்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவருடைய அண்ணன் திண்டுக்கல்லில் இருந்து போன் பண்ணுவார். அப்பா இல்லாத வீட்டில் மதினியை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு மச்சான் முறை. மதினி சமைத்துக்கொண்டே பேசுவதற்காக ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், வீடே கேட்கும். "அங்கன தனியா என்னத்தா பண்ணுற? இங்கன வந்துரு" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். மதினியும் ஒவ்வொரு வாரமும் ஒரே பதிலைச் சொல்வார்: "லோன் இருக்குல்லண்ணே, அது முடியட்டும்."

அந்தப் பதில் என்னை அரித்தது. புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல், பிறந்த வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்க வேண்டியவரை என் கடனுக்காகக் கட்டிப் போட்டிருக்கிறேனே என்று ராத்திரி தூக்கம் பிடிக்காது. மதினி இல்லாத வீட்டை நினைத்தாலும் தூக்கம் பிடிக்காது, அது வேறு விஷயம். பழைய பைக்கையே ஒட்டுப்போட்டு ஓட்டினேன். ஒழுகும் கொட்டகைக்குத் தார்ப்பாய் போட்டுச் சமாளித்தேன். மூன்றாம் வருடம் அடுத்தடுத்து இரண்டு அறுவடைக்கு நல்ல விலை கிடைத்தது. கேரளா வியாபாரி பணத்தைக் கையில் வைத்ததும் மதினியைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன்.

வங்கியில் இருந்த இளைஞர், "முன்னாடியே முடிச்சா அதுக்குன்னு தனியா ஒரு சார்ஜ் உண்டு மேடம்" என்றார். மதினி முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப வேண்டாம் தம்பி, தண்டம் எதுக்குக் கட்டணும்? முடியிறப்ப முடியட்டும்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். எனக்காகக் காசு மிச்சம் பிடிக்கிறார் என்று நான் உருகிப்போனேன். "அது என் பாடு மதினி, நீங்க கையெழுத்தைப் போடுங்க" என்று உட்கார வைத்தேன். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தார். இன்றைக்கே போட வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். திரும்பி வரும்போது போடி தாண்டியும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் அந்தத் தட்டு. நன்றி சொல்ல எங்களுக்குத் தெரிந்த வழி அது. எங்கள் ஊர்ப் பக்கம், வீட்டுப் பெண்ணை வழியனுப்பும்போதும் தட்டில் சேலையும் பழமும் வைத்துத்தான் கொடுப்போம் என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

"என்னைய அனுப்பி வைக்கிறீகளா தம்பி?" என்றார் மதினி.

"நீங்கதான மதினி, லோன் முடிஞ்சாப் போகணும்னு..."

"போகணும்னு எப்பச் சொன்னேன்? லோன் இருக்குன்னுதான சொன்னேன். வளத்த அண்ணன்கிட்ட வரமாட்டேன்னு எந்த வாயால சொல்ல? எனக்கு இருந்தது அந்த ஒரு சாக்குத்தான். அதையும் அடைச்சுப்புட்டீக."

என் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு மதினியைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில். இத்தனை வருடமாக அவர் இந்த வீட்டில் இருந்தது கடனுக்காக இல்லை.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. "லோன் எந்த மட்டுல இருக்குத்தா?" என்று மச்சான் கேட்டார். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைக்கிற டீச்சருக்கு வாய் வரவில்லை. நான் போன் பக்கத்தில் போனேன்.

"மச்சான், மதினி பேர்ல இன்னொரு லோன் எடுத்திருக்கோம். கீழத் தோட்டத்துக்கும் பந்தல் போடுறோம்."

"எத்தனை வருசத்துக்கு?" என்றார் மச்சான். நான் மதினியைப் பார்த்தேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "நீளமாச் சொல்லுங்க" என்று முணுமுணுத்தார்.

மதினி இப்போது ஓய்வு பெற்று, எங்கள் வீட்டில்தான் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு மச்சான் வந்திருந்தார். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பியவர் கீழத் தோட்டம் வரைக்கும் போயிருக்கிறார். அங்கே பந்தலும் இல்லை, தூணும் இல்லை, சோளம்தான் நின்றது. வந்து ஒன்றும் கேட்கவில்லை. தங்கச்சி போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார், சிரித்தார், நன்றாகத் தூங்கினார். மறுநாள் பஸ் ஏற்றிவிட நான் போனேன். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி என் தோளில் கை போட்டார்.

"மாப்ள, அந்த லோனை மட்டும் அவசரப்பட்டு அடைச்சுப்புடாதீக" என்றார்.