கத்தியில்தான் கோளாறு

வெங்கடகிருஷ்ணனோடு கடைக்குப் போகிறவன் அன்றைய நாளை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு ரைஸ் குக்கருக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவான்; வாங்கியதையும் மறுவாரம் திருப்பிக் கொடுப்பான். பிளசன்டனில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தான். எங்கள் இருவர் ஆபீஸும் சான்டா கிளாராவில்தான், அதனால் தினமும் ஒரே காரில் போவோம். சிப் ஏன் பழுதாகிறது என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. அதற்கு அவனிடம் இருந்தது ஒரே விதி: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த விதியை ஆபீஸோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

நாற்பது வயதில் இவனுக்கு ஜப்பானியக் கத்திப் பித்து பிடித்தது. பாயைச் சுருட்டிக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து, ஒரு கட்டையில் நிமிர்த்தி நட்டு, நீளக் கத்தியால் ஒரே வீச்சில் சாய்வாக வெட்ட வேண்டும். அதுதான் பயிற்சி. வீட்டுக் குளியல் தொட்டியில் எப்போதும் பாய் ஊறும். "குளிக்கணும்னா இனிமே உங்க வீட்டுக்குத்தான் வரணும் போல, செல்வா" என்று அவன் மனைவி ஸ்வர்ணா என்னிடம் அலுத்துக்கொள்வாள். இருந்தாலும் நன்றாகவே வெட்டுவான், அதையும் சொல்லத்தான் வேண்டும். பயிற்சிக் கூடத்துக் கத்தியை வைத்துக்கொண்டே வாழைத்தண்டு சீவுவதுபோல் சீவுவான்.

2006 கோடையில் அந்தக் கத்தி பாதிப் பாயில் சிக்கி நிற்க ஆரம்பித்தது. பலர் கை பட்டுக் கெட்டுப்போன கத்தி, சொந்தமாக ஒன்று வாங்கிவிடுகிறேன் என்றான். வெட்டிப் பார்த்து வாங்குவதற்கு அந்தக் கூடத்திலேயே கத்திகள் கொடுத்தனுப்புவார்கள். மூங்கில் வெட்டுகிற தடித்த கத்தி ஒன்றை முதலில் கொண்டுவந்தான், கனம் என்றான். அடுத்தது நீளம் குறைந்தது. அதற்கடுத்தது, எடை குறையட்டும் என்று பக்கவாட்டில் வாய்க்கால்போல் நீளப் பள்ளம் இழுத்தது. எல்லாமே பாதிப் பாயில் நின்றன. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன், ஒரு நாள் காரில்.

அவன் சிரிக்கவில்லை. சுனோல் மேட்டுச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஸ்டியரிங்கை வலது கையால் மட்டும் பிடித்திருந்தான்.

"பிடி முழுக்க இடது கைதான் செல்வா. வலது கை சும்மா வழி காட்டும், அவ்ளோதான். இடது சுண்டுவிரல் லூஸ் ஆனா பிளேடு நடுவுல திரும்பிடும்."

"சரி, டைட்டா புடி."

"சட்டைக்கு பட்டனே போட முடியல."

"டாக்டர பாரு. அப்பாயின்ட்மென்ட் எடுக்க என்ன கேடு உனக்கு?"

"எங்க அண்ணனுக்கும் பட்டன்லதான் ஆரம்பிச்சுது."

அவன் அண்ணன் வேலூரில் மூன்று வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தவர். முதலில் கை, பிறகு கால், பேச்சு, கடைசியில் மூச்சு. தசையைத் தின்கிற அந்த வியாதிக்கு வைத்தியம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்கள்.

"கத்தில கோளாறாவும் இருக்கலாம் இல்ல?" என்றான். "இன்னும் ஒண்ணு ட்ரை பண்ணிடறேன். ஸ்வர்ணாகிட்ட மூச்சு விடாத."

இவ்வளவு படித்தவன் டாக்டரிடம் போகப் பயந்துகொண்டு கத்தியை மாற்றிக்கொண்டிருக்கிறானே என்று ஆத்திரம் வந்தது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போய், சாமி, கத்தியில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். அங்கே வேறு யாரும் இப்படி வேண்டியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக அவன் கொண்டுவந்தது அகலமும் மெலிவுமான கத்தி. பாய் வெட்டவென்றே செய்தது. சனிக்கிழமை காலை, அவன் வீட்டுப் பின்புறத்தில் பாயை நட்டுவிட்டு வீசினான். பாதி போய்த் திரும்பி நின்றது. உருவி எடுத்து மறுபடி வீசினான். மறுபடி நின்றது. அவன் நின்ற நிலையிலோ வீச்சிலோ நான் ஒரு குறையும் காணவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மாத்திப் பாக்கல" என்றான்.

"என்னது?"

"ஆள. நீ வெட்டு."

"எனக்கு வெங்காயமே ஒழுங்கா வெட்ட வராதுப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன். உன்னாலயும் முடியலன்னா கத்தி சரியில்லன்னு வச்சுக்கலாம்."

புதுப் பாய் ஒன்றை நட்டான். என் விரல்களைப் பிடியில் அவனே ஒவ்வொன்றாக வைத்தான். அவன் இடது கை குளிர்ந்திருந்தது. சிக்கணும், சிக்கணும் என்று சொல்லிக்கொண்டே வீசினேன். பாயின் மேல்பாதி சத்தமில்லாமல் புல்லில் விழுந்தது.

"தற்செயலா விழுந்திருக்கும்" என்றேன்.

"இன்னொரு தடவ."

இந்த முறை பாதிப் பலத்தோடு, மனசே இல்லாமல் வீசினேன். சனியன், அதுவும் விழுந்தது.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஸ்வர்ணா ஓடிவந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"ஐயோ, செல்வாவே வெட்டிட்டாரே! போதுங்க, இதையே வாங்கிடுங்க. இனிமே எந்தக் கத்தியையும் குறை சொல்ல முடியாது."

"ஆமா" என்றான் வெங்கடகிருஷ்ணன். "கத்தி ரொம்ப நல்லா இருக்கு."

அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம், அவளிடம் யார் சொல்வது என்று தெரியாமல்.