ஆயுத பூசையும் கழன்ற ஹேண்டில்பாரும்

ஒரு சாமானைச் சுத்தம் செய்ய நான் உட்கார்ந்தாலே, அது இனி உதவாது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரம் அப்படித்தான் போயிற்று, அரிக்கேன் விளக்கும் அப்படித்தான். ஆனாலும் அந்த வருஷத்து ஆயுத பூசைக்கு என் சைக்கிளை நானேதான் துடைப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். காரணம் என் மாமனார்.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பரவைக்கு அழைத்துப்போன மகளை அவர் திருப்பி அனுப்பவே இல்லை. ஆவணியில் கேட்டால் புரட்டாசி என்றார். புரட்டாசியில் கேட்டால், "அதான் தலைதீபாவளி வருதே மாப்ள, அது முடியட்டும்" என்றார். பெண்டாட்டி இருந்தும் பிரமச்சாரியாக, வில்லாபுரத்தில் அம்மா வைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டு நான் கிடந்தேன். பொறுக்கமாட்டாமல், என் சைக்கிளிலேயே கூட்டிவந்து, தீபாவளிக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். ஆயுத பூசையன்று வரச்சொல்லிப் பதில் வந்தது. முதலில் அவர் ஏறிப் பார்ப்பாராம். அவருக்குச் சரியென்று பட்டால் அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போகலாமாம்.

ஆகவே சைக்கிள் பளபளக்க வேண்டும் என்று நினைத்தேன். வெளியே துடைத்ததோடு நிறுத்தியிருந்தால் நான் நானாக இருந்திருக்கமாட்டேன். ஹேண்டில்பாரின் நடுத்தண்டு முன்பக்கக் குழாய்க்குள் இறங்கி நிற்கும். மேலே ஒரு நீள போல்ட் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த போல்ட்டைக் கழற்றி, தண்டை உருவி, துரு போகத் தேய்த்து, நல்லெண்ணெயைத் தாராளமாகப் பூசினேன். என் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் வைத்துக்கொண்டதில்லை. திரும்பவும் செருகிவிட்டு ஸ்பேனரைத் தேடினால் காணோம். அம்மா அதைக் கொண்டுபோய் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள்.

"பூசையில வச்ச சாமானை இன்னைக்குத் தொடக்கூடாதுடா. நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்" என்றாள்.

சாமியோடும் அம்மாவோடும் ஒரே நேரத்தில் சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. விரலாலேயே முடிந்தமட்டும் முறுக்கினேன். ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் பழகிய விரல், அதில் எவ்வளவு பலம் இருக்கும்! சிம்மக்கல்லில் ஒரு சைக்கிள் கடையில் முறுக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கடையில் ஸ்பேனர்களெல்லாம் ஒரு பலகையில் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் என் கையில் பொரியும் கடலையும் திணித்தார். "இன்னைக்கு அதுகளுக்கு லீவுண்ணே. நாளைக்கு வாங்க" என்றவர், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், என் போல்ட்டின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தையும் வைத்து ஏற்றச் சொன்னார். பழம் நசுங்கியது. எனக்கும் ஏதோ முறுக்கிவிட்டது போலவே ஒரு நிம்மதி.

நேராகப் போகிறவரை தொந்தரவில்லை. வளைவு வந்தால் இறங்கித் தள்ளினேன். மதுரையில் எந்தத் திருப்பத்திலும் ஒரு பிள்ளையார் இருப்பார். அவருக்காகத்தான் இறங்கினேன் என்று பார்க்கிறவர்கள் நினைக்கும்படி கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அன்று பரவை போய்ச் சேருவதற்குள் எனக்குக் கிடைத்த புண்ணியம் கொஞ்சநஞ்சமல்ல.

மாமனார் புது வேட்டி, புதுத் தலைப்பாகையோடு தயாராக நின்றார். கதவோரம் என் மனைவியின் சேலை தெரிந்தது. "போல்ட் கொஞ்சம் லூசாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தச் சேலையைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. "ஏறுங்க மாமா" என்றேன்.

திண்டுக்கல் ரோட்டில் வண்டி ஒழுங்காகவே ஓடியது. "பரவாயில்லையே மாப்ள, மெத்தையில உக்காந்த மாதிரில்ல இருக்கு" என்றுகூடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எதிரே ஒரு வைக்கோல் வண்டி நடுரோட்டில் வந்தது. "ஒடிங்க மாப்ள, ஒடிங்க!" என்றார். ஒடித்தேன். ஹேண்டில்பார் சொன்ன பேச்சைக் கேட்டு முழுதாகத் திரும்பியது. சக்கரம் மட்டும் தன்பாட்டுக்கு நேராகப் போனது. பயத்தில் ஹேண்டில்பாரை மேலே இழுத்தேன். நல்லெண்ணெயின் புண்ணியத்தில் அது வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியதோ, ரோட்டோர வாய்க்காலில் விழுந்தோம்.

வைக்கோல் வண்டி போய்விட்டது. புரட்டாசி மழைச் சேற்றில் இடுப்பளவு உட்கார்ந்திருந்தேன். கையில் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருந்தேன். பக்கத்தில் தலைப்பாகை இல்லாத மாமனார்.

"இன்னும் அதைப் புடிச்சுக்கிட்டு யாரை வச்சு ஓட்டுறீங்க மாப்ள?" என்றார். பிறகு, "கடையாணி இல்லாத வண்டியில ஏறுனேனே, என் புத்தியைச் சொல்லணும்" என்றார்.

அவர் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, ஹேண்டில்பாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊர்த்தெருவில் அவர் பின்னாலேயே நடந்தேன். வாசலில் நின்று, "புள்ள தீபாவளி கழிச்சுத்தான் வரும்" என்று பொதுவாகச் சொன்னார். அத்தையிடம் ஸ்பேனர், பூசை, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவ்வளவு நேரமும் கதவோரம் சேலை அசையவில்லை.

பிறகு என் மனைவி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய குறடு, வண்டி வேலைக்கு மாமனார் வைத்திருந்தது. அதில் குங்குமம் ஈரமாக இருந்தது, செவ்வந்திப்பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடியே, பூசையில வச்சதுடி!" என்று அத்தை பதறினாள்.

அப்பாவுக்கு முன்னால் புருஷனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. "சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன். எண்ணெயைத் தொடைச்சிட்டு முறுக்கச் சொல்லும்மா" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

மாமனார் மகளைப் பார்த்தார், குறட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்காமலே, "போறதுன்னா பொழுது சாயுறதுக்குள்ள போங்க" என்று குளிக்கப் போய்விட்டார்.

ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்துச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். "இனி கழலாது" என்றேன். அவள் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்று, பால் கறக்கும்போது செம்பை இடுக்குவாளே, அப்படியே முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் உலுக்கினாள். அது அசையவில்லை. அதன்பிறகுதான் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அந்தச் சைக்கிள் எங்களிடம் இருந்தவரை, இந்தச் சோதனை நடக்காமல் அவள் ஏறியதே இல்லை.

வைகைப் பாலம் தாண்டி முதல் திருப்பம் வந்தது. பிள்ளையாரும் இருந்தார். என் கால் தானாகவே தரையைத் தேடியது.

"எதுக்கு இறங்குறீங்க?"

"இல்ல, பிள்ளையாரு..."

"அதான் நான் உலுக்கிப் பாத்துட்டேன்ல. வளைங்க" என்றாள்.

அவள் நம்பியது என்னையல்ல, தன் முழங்காலை. ஆனாலும் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மணியை அடித்துக்கொண்டே வளைத்தேன்.