ஐந்து மார்க் வாங்கிய கிட்டார்

ரெண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேஸ் கிட்டார் ஒன்றை விலை பேசப் பழவேற்காடு போயிருந்தேன். யாருடைய கிட்டார்? ரஃபீக்குடையது. அதற்கு முன்னால் யாருடையது?

...என்னுடையது.

ஆமாம். மூன்று மாதத்துக்கு முன் நானே ஆசை ஆசையாக விற்ற கிட்டாரை, நானே திரும்ப வாங்கப் போனேன். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சாதாரண கிட்டாரைவிட நீளம். பெரும்பாலும் நான்கே கம்பிகள், எல்லாம் தடிமன். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றால் மட்டும், "ஏதோ கொறையுதே" என்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தம் மாதிரி.

திருவள்ளூரில் ஆரம்பித்து கும்மிடிப்பூண்டி வரை, இந்த ஃப்ரிட்ஜ் சத்தத்தின் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் பதினோரு பேர். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் இசையைப் பற்றிப் பேசுவோம் என்று நினைக்கிறீர்களா? சேச்சே! என்ன மரம், என்ன எடை, யார் எதை விற்கிறார்கள், அதை ஏன் வாங்கக் கூடாது — இதற்கே நாள் போதவில்லை. ஒரு அண்ணன், வீட்டில் இருக்கும் எடை மெஷினில் கிட்டாரோடு ஒரு தடவை, கிட்டார் இல்லாமல் ஒரு தடவை ஏறி நின்று, கழித்துப் பார்த்து, "நாலே கால் கிலோ" என்று போட்டார். அடுத்த நிமிடம் ஒரு பதில்: "மீதி எவ்ளோண்ணே? அத்தயும் போடுங்கோ."

விற்பதற்கு எல்லோரும் சொல்கிற காரணமும் ஒன்றுதான். "ஊட்ல எடம் இல்ல." அடுத்த வாரமே அதே வீட்டுக்கு அதைவிடப் பெரிய பெட்டி ஒன்று வந்து இறங்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். நாளைக்கு நாமும் சொல்ல வேண்டிய காரணம் அல்லவா?

எனக்கும் வந்தது அந்த நாள். என் கிட்டாரில் ஒரு கம்பியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் அழுத்தினால் 'டிர்ர்ர்' என்று ஒரு தேனீ பறக்கும். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் இறுக்கிய போல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவள் ஒரு தேனீயைச் சகித்துக்கொள்வேனா? குரூப்பில் உருக்கமாக ஒரு விளம்பரம் எழுதினேன். ரஃபீக் ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். இருபத்தொரு வயதுப் பையன். அவனுக்கு அதுதான் முதல் கிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது என் வேட்டை.

மூன்று மாதத்தில் ஏழு கிட்டார்கள் பார்த்தேன். பொன்னேரி, திருவள்ளூர், ஒன்று பள்ளிப்பட்டில்கூட. எல்லாவற்றுக்கும் எக்ஸெல்லில் ஒரு பட்டியல் போட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குரூப்பில் இருக்கிறவர்கள் வைத்திருக்கும் கிட்டார்களுக்கும் மார்க் போட்டேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். குரூப்பிலேயே பகிர்ந்தேன்.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு விஷயம் நடந்தது. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் சென்னையிலிருந்து ஆர்கெஸ்ட்ரா வரும். இந்த வருஷம் நாங்களே வாசிக்கிறோம் என்று கேட்டு, அனுமதியும் வாங்கிவிட்டோம். பாடப்போகிறவர் முருகேசண்ணன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இத்தனை வருஷமும் ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் ஸ்பீக்கர் பெட்டிகளை அந்த ஃபோர்க்லிஃப்ட்டில் இறக்கிக் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று கேட்டவர். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் ஒத்திகை. எல்லோரும் வாசிப்பார்கள். நான்? "கிட்டார் வந்துகிட்டே இருக்கு" என்று சொல்லி, வாயால் தும் தும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெச்.ஆர். மேடம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பேண்டுன்னு சொன்னீங்க. நீங்க வாயால வாசிக்கிறீங்க? திங்கட்கிழமை காலையில கிட்டாரோட வந்து காட்டுங்க. இல்லைன்னா நான் ஆர்கெஸ்ட்ராவுக்குச் சொல்லிடறேன்."

அவர் போனதும் முருகேசண்ணன் என் பக்கத்தில் வந்தார். "யம்மா, இந்த வருசமும் என்னை பொட்டி எறக்க உட்றாதம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடன் கேட்கலாமே என்கிறீர்களா? கேட்டேன். பொன்னேரியில் சர்ச்சில் வாசிக்கிற அருள் அண்ணனிடம்தான் முதலில் கேட்டேன். அவரிடம் மூன்று பேஸ் இருக்கின்றன.

"எது வேணும் தங்கச்சி? நீ ஆறரை போட்டதா, ஆறு போட்டதா, 'பரவாயில்லை'ன்னு போட்டதா?"

"அண்ணே..."

"வேணாம்மா. இவ்ளோ கம்மி மார்க் வாங்கினத எடுத்துக்கினு போய் நீ ஏன் அசிங்கப்படணும்?"

மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள், இவ்வளவு மரியாதை இல்லாமல். மிச்சம் இருந்தவன் ரஃபீக் ஒருவன்தான். அவனிடமும் கடன் கேட்க முகமில்லை, காசு கொடுத்தே திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

கிட்டார் கொடுக்காத அருள் அண்ணன், கூட வர மட்டும் ஒப்புக்கொண்டார். எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் கிட்டார் வாங்கப் போனாலும் 'ரெண்டாவது காது' ஒன்றை அழைத்துப்போக வேண்டும். வாங்குகிறவருக்கு ஆசையில் காது அடைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ரெண்டாவது காது குறை மட்டும்தான் சொல்ல வேண்டும். புகழக் கூடாது. விலை முடியும்வரை சிரிக்கவும் கூடாது. விலை அதிகம் என்று தோன்றினால் இரும வேண்டும்.

அவர் பைக்கில் போனோம். ரஃபீக் வீட்டில் வலையும் நைலான் கயிறும் விற்கிற கடை. கல்லாவில் அவனுடைய வாப்பா. எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கயிறா, வலையா?" என்றார்.

"கிட்டாருங்க."

"மாடியில."

மாடியில் ரஃபீக் கயிறு உருண்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். என் கிட்டார். இல்லை, அவன் கிட்டார். நாங்கள் படியிலேயே நின்றுவிட்டோம். அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி, கனமாக, சுத்தமாக ஒரு ஒலி. ஏழு கிட்டார்களிலும் நான் தேடியது இதைத்தான். எதிலும் இல்லை என்று எல்லாவற்றுக்கும் மார்க்கைக் குறைத்ததும் இதற்காகத்தான். அவன் விரல் அந்தக் குறிப்பிட்ட இடத்துக்குப் போனது. தேனீ வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை.

"ரஃபீக்கு... அந்த டிர்ர்ர் எங்கே?"

"வாங்கக்கா, வாங்கண்ணே! எந்த டிர்ர்ர்?"

"அதாண்டா, அந்த எடத்துல வருமே..."

"ஓ, அதுவா? வாங்கினு வந்த மறுநாளே போச்சுக்கா. கழுத்துக்குள்ள ஒரு ராடு கீதுல்ல? கீழ கடையில அலன் கீ கெடந்துச்சு. வுட்டு கால் சுத்து திருப்பினேன். அவ்ளோதான்."

அருள் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

கால் சுற்று. ஊரில் இருக்கிற போல்ட்டுக்கெல்லாம் இறுக்கம் பார்க்கிறவள், சொந்தக் கிட்டாரில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பவில்லை. ஏன்? யோசித்தால் பதில் சங்கடமாக இருக்கிறது. சரிசெய்தால் பழைய கிட்டார்தானே கிடைக்கும்? விற்றால் புதுசு தேடலாம்!

தொண்டையைக் கனைத்துக்கொண்டு வியாபாரத்துக்கு வந்தேன். "ரஃபீக்கு, ஒன்பதுக்குக் குடுத்தேன். பத்து தர்றேன்."

அவன் போனை எடுத்தான். தேய்த்தான். சத்தமாகப் படித்தான். "'இதைப் பிரிவது என் கையை யாரோ கழற்றிக்கொண்டு போவது போல இருக்கிறது. இந்த விலைக்கு இந்த ஒலி இனி யாருக்கும் கிடைக்காது.' யாருக்கா எழுதினது இது?"

"விக்கும்போது அப்படித்தாண்டா எழுதுவாங்க."

"அப்ப பத்து கம்மியாச்சே. இருங்க, இன்னொண்ணு கீது." மறுபடி தேய்த்தான். "உங்க லிஸ்ட்டு. 'ஒலி மொத்தை. பழகுவதற்கு மட்டும். ஐந்து மார்க்.' அஞ்சு மார்க்குக்குப் பத்தாயிரமா? இன்னாக்கா இது, ஒரே பேஜாரா கீது. நான் எத்த நம்பறது?"

அருள் அண்ணன் பலமாக இருமினார். அது இருமல் இல்லை.

"சரிடா, விக்கிறியா இல்லையா?"

"விக்கலக்கா. இத்த குடுத்துட்டு நான் இன்னா பண்றது? உங்கள மாதிரி லிஸ்ட்டு போட்டுக்கினு இருக்கவா?"

சுருக்கென்றது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். திங்கட்கிழமை, ஆர்கெஸ்ட்ரா, முருகேசண்ணன், ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றையும். ரஃபீக் கிண்டலை நிறுத்திவிட்டான்.

"அத்த மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா? எதுக்கு வெல பேசினு கீறீங்க? எடுத்துக்கினு போங்க. முடிஞ்சதும் கொண்டாந்து குடுங்க." கிட்டாரைக் கழற்றி என் தோளில் மாட்டினான். "இன்னா பாட்டு? வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். முதல் வரி வந்தது. ரெண்டாவது வரியில் விரல் வழுக்கியது. மூன்றாவது வரியில் தாளம் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டது.

"அக்கா," என்றான் ரஃபீக் மெதுவாக, "கடைசியா எப்ப வாசிச்சீங்க?"

போன வாரம்கூட... என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். போன வாரம் திருவள்ளூரில் ஒன்றைத் தூக்கினேன். எடை பார்க்க. அதற்கு முந்தின வாரம் ஒன்றைத் தட்டினேன். மரம் பார்க்க. ரெண்டு தட்டு, ஒரு முகச்சுளிப்பு, ஒரு மார்க். ஏழு கிட்டார், மூன்று மாதம்... ஒரு முழுப் பாட்டுகூட இல்லை.

அருள் அண்ணன் அப்போதுதான் வாய் திறந்தார்.

"தங்கச்சி, ரெண்டாவது காது கொற மட்டுந்தான் சொல்லணும். அதனால சொல்றேன். கிட்டார்ல ஒரு கொறயும் இல்ல."

திங்கட்கிழமை காலை கிட்டாரைக் கொண்டுபோய் ஹெச்.ஆர். மேடத்திடம் காட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கு" என்று டிக் அடித்தார். வாசிக்கச் சொல்லவில்லை. அவர் குலசாமிக்கு நன்றி.

அன்றிலிருந்து நான்கு நாள், சைக்கிள் ஸ்டாண்டில் எல்லோரும் கிளம்பிய பிறகும் நானும் கொசுக்களும் மட்டும் இருந்தோம். ரஃபீக் போன் பண்ணுவான். "வாசிங்கக்கா" என்பான். கேட்பான். "மறுபடி" என்பான். வேறு ஒன்றும் சொல்ல மாட்டான். மூன்றாம் நாள் வலது கை விரல் ரெண்டும் வீங்கி, கேன்டீனில் சாம்பார் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டேன். அந்த நான்கு நாளில் நான் குரூப்பைத் திறக்கவே இல்லை. யாரோ ஐந்து கம்பி பேஸ் ஒன்றை மலிவாக விற்றாராம். போய்விட்டதாம். போகட்டும்.

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். முருகேசண்ணனின் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சை. கேன்டீன் மேடையில் நாங்கள் ஐந்து பேரும் ஏறினோம். முதல் பாட்டு ஓடிவிட்டது. ரெண்டாவது பாட்டில் ஒரு இடத்தை விட்டேன். யாருக்கும் தெரியவில்லை, பேஸில் இருக்கும் ஒரே சௌகரியம் அது. மூன்றாவது பாட்டில் முருகேசண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உச்சிக்குப் போனார். நான் அடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். பாக்கிங் பிரிவுப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இறங்கியதும் முருகேசண்ணன் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "யம்மா, இத்தினி நாளு வாயால போட்டப்ப ஒண்ணும் தெரியல. இன்னிக்கு காலுக்குக் கீழ தரை இருந்த மாதிரி இருந்துச்சு. தைரியமா போய்ட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என் வாசிப்பைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் பொரி பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து பிளான்ட் மேனேஜர் வந்தார். நேராகக் கிட்டாரிடம் போனார். தட்டிப் பார்த்தார். தூக்கி எடை பார்த்தார்.

"பிரமாதமான கிட்டார்மா! என்ன விலை?"

"கிட்டார் ஃப்ரெண்டோடது சார். வாசிச்சது மட்டும்தான் என்னோடது."

அவர் காதில் அது விழவில்லை. கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கம் என்ன மரம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.