கழுத்துக்கு ஒரு கை

ஓசூருக்கு வந்த பிறகு என்னைத் தொட்ட மனிதர்களை எண்ண ஒரு கையே அதிகம். டவுன் பஸ் நெரிசலில் இடித்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மத்திகிரியில் ஓர் அறை, தொழிற்பேட்டையில் வேலை, திருநெல்வேலியில் அண்ணன் குடும்பம். கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோய் நாற்பதைத் தாண்டிவிட்ட ஆள் நான்.

எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன கியர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்கக் குனிந்த தலை. வீடு திரும்பும்போது கழுத்து கட்டையாக இறுகிப் போயிருக்கும்.

அதற்கு நானே கண்டுபிடித்த வைத்தியம் சலூன். ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருவேன். முடி வெட்டி முடித்ததும் கடைக்காரர் தலையில் தட்டி, தோளைப் பிடித்துவிட்டு, தாடையையும் பின்னந்தலையையும் பிடித்துச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்புவார். சடக். மறுபக்கம் இன்னொரு சடக். "இந்த வாரம் ரொம்ப இறுகிப் போயிருக்குதுங்ணா" என்பார். வெட்ட முடியே இல்லாத வாரங்களிலும் ஷேவிங் என்று போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சடக் முக்கியமே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மனிதரின் கை என் தலைமேல் இருக்கும். அதற்காகத்தான் போனேன்.

பிறகு வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கியர் கைதவறி விழுந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, கழுத்துத் தசைகளுக்குத்தான் பலம் போதவில்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோதெரபிஸ்ட் பாகலூர்க்காரர், என்னைவிட இளையவர். போனில் கன்னடம், நர்ஸிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் பேசினார். சலூன் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கழுத்து என்ன சார், பாட்டில் மூடியா? இனிமே யாரையும் திருக விடாதீங்க. நீங்களா தலைய வட்டமா சுத்துறதும் வேணாம்."

எதிரே நின்று என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். "என் கையத் தள்ளுங்க. தலை மட்டும் நகரக் கூடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

"சண்டைக்கா வந்திருக்கீங்க? மெதுவா, சார். மூச்ச அடக்காதீங்க."

நெற்றி முடிந்து பின்னந்தலை, பிறகு இரண்டு பக்கமும். கடைசியாக, நேராக உட்கார்ந்து தாடையை லேசாக உள்ளே இழுத்து நிறுத்தச் சொன்னார். வலி கைக்கு இறங்கினாலோ தலை சுற்றினாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"வீட்டுல யாரையாச்சும் கை வச்சுப் பிடிக்கச் சொல்லிச் செய்யுங்க."

"யாரும் இல்ல, சார்."

"பரவால்ல, உங்க கையே போதும்" என்றார்.

கழுத்துக்குப் போதும்தான். காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் நெற்றியில் என் கையையே வைத்துத் தள்ளுவேன். எனக்கு நானே காய்ச்சல் பார்ப்பது போலிருக்கும். எரிச்சலாக வரும். ஆனாலும் விடாமல் செய்தேன். சலூனில் சொடுக்கு வேண்டாம் என்று சொன்னேன். கடைக்காரர் முகம் சுருங்கியது; துணியை உதறிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

வாரந்தோறும் பிசியோதெரபிக்குப் போனேன். என் கழுத்து எவ்வளவு தேறியிருக்கிறது என்று அவர் கை வைத்துப் பார்ப்பார். அந்த நாளுக்காக நல்ல சட்டையாகத் தேய்த்து வைக்க ஆரம்பித்தேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? விரல்களில் உணர்வு திரும்பியது, கியர் கையில் நின்றது. மேற்பார்வையாளர்கூட, ஆள் நிமிர்ந்துவிட்டீர்களே என்று கிண்டல் செய்தார்.

ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் நான்கு பக்கமும் தள்ளிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கையை எடுத்தார்.

"சூப்பர், சார். நல்லா பலமாயிடுச்சு. பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க. இனிமே இங்க வர வேண்டியதில்ல."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

"இல்ல, சார். இன்னும் கொஞ்சம் வலிக்கி" என்றேன்.

"அப்படியா? எங்கன்னு தொட்டுக் காட்டுங்க."

கையைத் தூக்கிக் கழுத்தில் வைத்தேன். தோளுக்கு நகர்த்தினேன். மறுபடி கழுத்துக்குக் கொண்டுவந்தேன். எந்த இடத்திலும் வலி இல்லை. அவர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.