சாந்தினி ஏற மறுத்த வண்டி

"வியாழன் காலைக்குள் சென்னைக்குக் கொண்டுசெல்லவும். தவறினால் கண்ணை எடுக்க வேண்டியிருக்கும்." கால்நடை டாக்டர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டில் இருப்பது இவ்வளவுதான். பழைய காகிதங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தால் அது இப்போது என்னிடம் இருக்கிறது. தேதி எழுதிய மூலை நனைந்து கலைந்துவிட்டது. ஆனாலும் அது பக்ரீத்துக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆம்பூரில் ஓடும் மினி லாரிகளில் பாதிக்குமேல், பதனிடக் கொண்டுபோகும் பச்சைத்தோல் ஏற்றிக்கொண்டிருந்த வாரம் அது. வாடகைக்கு ஒரு வண்டி பிடிக்கவே எங்களுக்கு அன்று சாயங்காலமாகிவிட்டது.

எங்கள் தெருவே ஆபா என்று கூப்பிடும் அக்காவின் குதிரைக்கு எழுதிய சீட்டு அது. ஆபா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். கணவர் இறந்த பிறகு, அவர் கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிய வெள்ளைக் குதிரையை விற்றுவிடச் சொல்லாதவர் இல்லை. ஆபா விற்கவில்லை. அந்தச் சாந்தினிக்குத்தான் இடது கருவிழியில் புண். கட்டுப் போட்டிருந்தது. எதிலாவது இடித்துக்கொண்டால் கண் உடைந்துபோகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆபாவுக்குத் தெரிந்து அது எந்த வண்டியிலும் ஏறியதில்லை. எல்லாக் கல்யாணத்துக்கும் நடந்தே போய் வந்தது.

செவ்வாய்க்கிழமை பழக்கத் தொடங்கினோம். மினி லாரியின் பின்கதவை இறக்கி, பலகை சாய்த்து, மேலே கோணி விரித்து, உள்ளே ஊறவைத்த கொள்ளு வைத்தோம். சாந்தினி பலகைவரை வரும். முன்னங்கால் ஒன்றை வைக்கும். கழுத்தை நீட்டி ஒருமுறை மூச்சை இழுத்ததும் உடம்பெல்லாம் நடுங்கிப் பின்னால் பாயும். ஒவ்வொரு முறையும் கட்டுப் போட்ட பக்கம் வண்டியின் இரும்புச் சட்டத்தை உரசுவதுபோல் போய் விலகும். பின்னாலிருந்து கயிறு போட்டுத் தள்ளலாம் என்றார்கள் கூடி நின்றவர்கள். கண்ணை மூடி ஏற்றலாம் என்று டிரைவர் சொன்னபோதுதான் ஆபா வாயைத் திறந்தார்: "இருக்கிற ஒத்தக் கண்ணையும் கட்டச் சொல்றியா தம்பி?"

புதன் மதியமும் அதே கதைதான். குதிரைக்கு நுரை தள்ளியது. ஆபா கயிற்றை விடாமல் பிடித்ததில் உள்ளங்கை உரிந்திருந்தது. அந்த நேரத்தில் டிரைவரின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். தோல் பதனிடாத கலவை என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிச் சில வாரம்தான். பலகை அருகே வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க இது, உள்ள எதுனா செத்துக் கெடக்குதா?"

டிரைவர் உண்மையாகவே மோந்து பார்த்தார். "பினாயில் ஊத்திக் கழுவுன வண்டிடீ. வந்த நாள்லேர்ந்து மூக்கப் பிடிச்சினே திரியுது, சார்" என்று என்னிடம் முறையிட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆபா சிரிக்கவில்லை. வண்டிக்குள் ஏறி, மண்டிபோட்டு, தரைப்பலகையில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார். எழுந்து, "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார். நானும் மோந்தேன். பினாயில்தான் தெரிந்தது. தோல் பதனிடும் ஊரிலேயே பிறந்து, அந்தக் காற்றையே மூச்சாக இழுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். உப்பிட்ட பச்சைத்தோலின் தண்ணீர் ஊறிய பலகையின்மேல் நின்றுகொண்டு, குதிரைக்குப் பிடிவாதம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்து ஆபா செய்தது இந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, நெடுஞ்சாலையோரம் வண்டிகள் நிற்குமிடத்துக்கு அழைத்துப்போனார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொரு வண்டியாக மோந்து நடக்க, டிரைவர்கள் கேலி செய்தார்கள். போலீஸ் நாய் வேலைக்குப் போகலாம் என்றான் ஒருவன். "உன்ன மோந்தா நாய் செத்துப்பூடும்" என்று அவள் திருப்பிக் கொடுத்ததும் கேலி அடங்கியது. கடைசியில் ஒரு தேங்காய் வண்டியின் முன் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

வியாழன் விடியலில் சாந்தினி புது வண்டியின் பலகைமுன் நின்றது. மோந்தது. மறுபடி மோந்தது. ஆபா கயிற்றைத் தளர்த்திவிட்டு முதுகைக் காட்டி உள்ளே நடந்தார். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணை எடுக்கவில்லை. டிரைவரின் மனைவி இன்று ஆபாவின் பிரிவிலேயே வேலை செய்கிறாள். இப்போது எந்த வண்டியிலும் தனக்கு ஒரு நாற்றமும் தெரிவதில்லை என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சாந்தினியின் அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பார் ஆபா. எந்த டாக்டரும் அதைச் சோதித்துச் சொல்லவில்லை. போன வாரம் எனக்காக அவரே சோதித்துக் காட்டினார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடி, இடப்பக்கம் சத்தமில்லாமல் ஒரு பிடி கொள்ளு நீட்டினார். சாந்தினி உடனே திரும்பியது. கண்ணால் கண்டு திரும்பியதா, மூக்கால் கண்டு திரும்பியதா என்பது எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.